வெட்டும் காலம், விட்டு வைக்கும் காலம்

மார்கழித் திங்களின் புலரிப் பொழுதில் மானாம்பதியைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் நடப்போர்க்கு ஒரு காட்சி தவறாது கிட்டும். பனி விலகாத நெல்வயல்களுக்கு மேலே கொக்குகளும் நாரைகளும் வரிசை கட்டிப் பறந்து செல்லும். வடகிழக்குப் பருவமழையால் ஏரிகளும் தாங்கல்களும் நிரம்பி நிற்கும் காலம் அது. மறைமாவட்டத்தின் வேறு பல பங்குகளில் பணியாற்றிவிட்டு இப்பகுதிக்கு வந்து சேர்ந்த நமக்கு, முதல் ஆண்டில் அக்காட்சி வெறும் அழகாகவே தோன்றியது. இன்றோ அதைக் காணும்போதெல்லாம் அழகோடு ஒரு குற்ற உணர்வும் உடன் எழுகின்றது. அதன் காரணத்தைச் சொல்லி, அதிலிருந்து பிறக்கும் ஓர் அறநெறிக் கேள்வியை வாசக அன்பர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

நல்ல வேலை, தவறிய நாள்

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில், பங்கு இளைஞர்களைத் திரட்டி ஒரு பொதுப்பணியில் இறங்கினோம். ஊரையடுத்த சிறு தாங்கல் ஒன்றின் உட்புறம் முழுவதும் வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது. சீமைக் கருவேலம் என்று நூல்களில் குறிக்கப்படும் மரம் அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று தமிழகத்தின் ஏரி, குளம், ஆற்றுப்படுகை எங்கும் பரவிவிட்டது. அதை அகற்ற வேண்டுமென்று உயர் நீதிமன்றமே பலமுறை வலியுறுத்தியுள்ளது. விழாக் காலத்தில் ஊருக்குச் செய்யத்தக்க நற்செயல் இதைவிட வேறென்ன இருக்க முடியும் என்று கருதினோம்.

இளைஞர்கள் வெட்டுக்கத்தியும் கோடரியுமாக முழங்கால் நீரில் இறங்கினர். முதல் மரம் சாய்ந்தபோதே பறவைகள் கூட்டமாக எழுந்து தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தின. அக்கூக்குரல் நம் செவியில் விழத்தான் செய்தது. அதற்குப் பொருள் காண நாம் முயலவில்லை. உச்சிப்பொழுதுக்குள் ஏறத்தாழ இருபது மரங்கள் சாய்ந்துவிட்டன. அப்போது இளைஞருள் ஒருவன் இரு கைகளையும் குவித்துக்கொண்டு கரையேறி வந்தான். கைக்குள் இறகு முளைக்காத வக்காக் குஞ்சு ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தது. அதன் பிறகே சாய்ந்து கிடந்த மரங்களின் உச்சிகளைப் பார்த்தோம். சுள்ளிகளால் பின்னிய கூடுகள். உடைந்து சிதறிய வெளிர் நீல முட்டைகள். நீரில் மிதந்த சில சிறு உடல்கள்.

மதகைத் திறந்து அடைக்கும் பொறுப்பிலுள்ள முதியவர் ஒருவர் கரையில் வந்து நின்றார். அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “சாமி, வேலை நல்ல வேலைதான். நாள்தான் தப்பாப் போச்சு. ஆனி மாசத்துல வெட்டியிருந்தா ஒரு கூடும் இருந்திருக்காது” என்றார். “முன்னரே சொல்லியிருக்கலாமே, பெரியவரே” என்று கேட்டோம். “நீங்க கேக்கலையே, சாமி” என்றார்.

அன்று மாலை ஆலயத்தில் குடில் அமைக்கும் வேலை காத்திருந்தது. வைக்கோலைப் பரப்பிய நம் கைகளில் வேலிகாத்தான் முள் கீறிய தழும்புகள் இருந்தன. அவ்வாண்டு விழா மறையுரையை ஆயத்தம் செய்வது நமக்கு எளிதாக இருக்கவில்லை.

எண்ணம் நன்றாயிருந்தால் போதுமா?

குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், மனிதச் செயலின் நன்மை தீமையை அளப்பதற்கு மூன்று அளவுகோல்களைக் கற்பித்தனர். செய்யப்படும் செயல் யாது? அதைச் செய்பவரின் நோக்கம் யாது? அது நிகழும் சூழ்நிலை யாது? இம்மூன்றும் செவ்வையாக அமைந்தால்தான் செயல் முழுமையான நற்செயலாகும். ஒன்று பழுதுபட்டாலும் நன்மை குறைபடும் என்பது புனித தோமா அக்குவினார் வழிவந்த படிப்பினை. தேர்வுத்தாளில் இதை ஐயமற எழுதித் தேறியவர்கள்தாம் நாம். ஆனால் வழக்கமாக நம் கவனமெல்லாம் முதலிரண்டின்மீதே தங்கிவிடுகின்றது. செயல் நல்லதா, நோக்கம் தூயதா என்று பார்த்து நிறைவடைந்து விடுகின்றோம். ‘எப்போது’ என்ற கேள்வியை ஏதோ நிர்வாகக் காரியம் போலத் தள்ளி வைக்கின்றோம்.

தாங்கலில் நாம் செய்த செயல் தன்னளவில் நல்லது. நோக்கத்திலும் மாசில்லை. பிழைத்தது காலம் ஒன்றே. அந்த ஒன்று பிழைத்ததால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எதை வேட்டை என்று வரையறுக்கின்றதோ அதையே நாம் செய்து முடித்தோம். காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் அழிப்பதும் அச்சட்டத்தின் பார்வையில் வேட்டையே. கையில் வில்லின்றி, நெஞ்சில் வஞ்சமின்றி, செபம் சொல்லித் தொடங்கிய வேட்டை.

அறியாமல் செய்ததற்குக் குற்றம் உண்டோ என்று சிலர் கேட்கலாம். அறியாமையில் இருவகை உண்டு என்பதும் அதே பாடத்தில் கற்றதுதான். முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. ஒரு வார்த்தை கேட்டால் நீங்கிவிடக்கூடிய அறியாமை மற்றொன்று. நம்முடையது இரண்டாவது வகை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியவர் மதகருகே நாள்தோறும் அமர்ந்திருந்தார். ஆதலால் ‘அறியவில்லை’ என்பது நமக்குக் கேடயமாகாது.

குளிர்நாட்டு முறையும் நம் நாட்டு முறையும்

பிற்பாடு இப்பொருள் பற்றிச் சிறிது தேடிப் படித்தோம். இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் இயற்கைக் காப்பிடங்களைச் செப்பனிடும் பெரும் வேலைகள் குளிர்காலத்தில்தான் நடைபெறுகின்றன. மண்டிய புதர்களை வெட்டுவர், நாணலை அறுப்பர், சில மரங்களை அடியோடு தறித்து மறுதாம்பு விடச் செய்வர். அப்போது வெயில் தரையில் விழுந்து, அடுத்த வேனிலில் காட்டுப் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பெருகும். குளிர்காலத்தைத் தேர்வதற்குக் காரணம் எளிது. அப்போது மரங்கள் உறங்குகின்றன. கூடுகளில் குஞ்சுகள் இல்லை. மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை பறவைகள் அங்கே இனம்பெருக்குவதால், அம்மாதங்களில் வேலியையும் புதரையும் வெட்டுவதைத் தவிர்க்குமாறு மக்களுக்கு அறிவுறுத்துகின்றனர்.

நம் நாட்டில் இக்கணக்கு தலைகீழாகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைகின்றது. நீரோடு மீனும் தவளையும் நத்தையும் பெருகுகின்றன. குஞ்சுகளுக்கு ஊட்ட இரை மிகுந்திருக்கும் அக்காலத்தையே நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதற்குத் தேர்கின்றன. நீரின் நடுவே நிற்கும் மரம் அவற்றுக்கு அகழி சூழ்ந்த கோட்டை போன்றது. நரியும் கீரியும் பூனையும் எளிதில் அணுகா. நீர் முன்கூட்டியே வடிந்துவிட்டால், கூட்டைக் கைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. ஆதலால் குளிர்நாட்டில் கோடரி எடுக்கும் மாதத்தில் இங்கே கோடரியைக் கீழே வைக்க வேண்டும். ஒரே நோக்கம், ஒரே அன்பு. ஆனால் அங்கே செய்வதால் நிறைவேறுவது, இங்கே செய்யாதிருப்பதால் நிறைவேறுகின்றது. பிறர் நாட்டு நன்மையை அப்படியே பெயர்த்தெடுத்து நம் மண்ணில் நட்டால் அது நன்மையாகவே முளைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இங்கே மற்றொரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடலாம். ஏரிகளில் காணும் பறவைகளையெல்லாம் ‘வெளிநாட்டுப் பறவைகள்’ என்று கூறிவிடுவது நம் வழக்கம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலியவை வடநாடுகளிலிருந்து குளிருக்கு ஒதுங்கி வருவன என்பது மெய்யே. ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன் யாவும் இந்நாட்டுப் பறவைகளே. விருந்தினரையன்று, வீட்டாரையே நாம் அன்று கலைத்தோம்.

வேடந்தாங்கல் கற்பிப்பது

உத்திரமேரூரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் வேடந்தாங்கலை அடையலாம். வேடர்களின் ஊர் என்று பெயரிலேயே வேட்டையைச் சுமக்கும் அவ்வூர், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளைக் காத்து வருகின்றது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேசு, பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கிக் கவுல் என்னும் உரிமைப் பத்திரம் அளித்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அதனருகிலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

அம்மக்களின் காவல் எத்தகையது? தீபாவளி நாளில் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் இதே வழக்கம் நிலவுகின்றது. ஊரெங்கும் வெடியோசை எழும் இரவில் தம் பிள்ளைகளைக் கம்பி மத்தாப்போடு அமைதியாக இருக்கச் செய்வது ஒரு செயலா, செயலின்மையா? வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அங்கே எதுவும் நிகழவில்லை. அடம் பிடிக்கும் குழந்தையைத் தேற்றும் தாய்க்கு மட்டுமே தெரியும், அந்த ‘எதுவும் நிகழாமை’க்குக் கொடுக்கப்படும் விலை.

எனினும் விலகியிருத்தல் ஒன்றே அங்கு நிகழும் காவல் என்று எண்ணிவிடலாகாது. கோடையில் ஏரி வற்றிப் பறவைகள் பிரிந்து சென்ற பின்னர் கைவேலைக்குக் காலம் பிறக்கின்றது. வண்டல் எடுக்க வேண்டும். ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து அவற்றில் நீர்க்கடம்பும் கருவேலமும் நட வேண்டும். ஆண்டுதோறும் விழும் எச்சத்தின் மிகுதியால் மரங்கள் பட்டுப்போவதும் உண்டாதலால், பட்டவற்றுக்கு ஈடாக இளங்கன்றுகள் வளர்ந்து வரவேண்டும். இன்று நடும் கன்று கூடு தாங்க ஆண்டுகள் பல ஆகும். நடுகின்றவர் அதன்மேல் குடியேறும் பறவையைக் காணாமலும் போகலாம்.

ஒன்றும் செய்யாதிருந்தால்?

‘அப்படியாயின் எல்லாவற்றையும் இயற்கைக்கே விட்டுவிடுவதுதானே நல்லது; மனிதன் கைவைத்தால்தானே கேடு?’ என்று ஒரு நண்பர் நம்மிடம் வினவினார். இராசசுத்தானத்துப் பரத்பூர் இதற்கு விடை தருகின்றது. புகழ்பெற்ற அப்பறவைகள் காப்பகத்தில் 1980-களின் தொடக்கத்தில் கால்நடை மேய்ச்சல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. 1982-இல் அத்தடையை எதிர்த்த சிற்றூர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை வேறாக இருந்தது. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது; பறவைகளுக்கு அது தீங்காக முடிந்தது. பகையென்று விலக்கப்பட்ட எருமை, உண்மையில் அந்த நீர்நிலையின் தோட்டக்காரனாக இருந்திருக்கின்றது.

ஆகவே செய்தல் தன்னளவில் குற்றமுமன்று. செய்யாமை தன்னளவில் புண்ணியமுமன்று. மனிதன் நெடுங்காலம் கைவைத்துப் பழகிய நிலத்திலிருந்து ஒரே நாளில் கையை எடுத்துக்கொள்வதும் ஒருவகை வன்முறையே. எதை, எப்போது, எவ்வளவு என்று அறிவதற்கே விவேகம் என்று பெயர். தலையாய புண்ணியங்கள் நான்கனுள் அதற்கு முதலிடம் கொடுத்தனர் முன்னோர். திருவள்ளுவரும் காலமறிதலுக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். காலம் என்பது அறத்துக்கு வெளியே உள்ள வசதி வசதியின்மையன்று, அறத்தின் உள்ளுறுப்பு.

‘வேடந்தாங்கல் மக்கள் பயன் கருதித்தானே காக்கின்றனர்?’ என்றும் கேட்கப்படுவதுண்டு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. அந்நீர் பாயும் நெல் செழிக்கின்றது. இது அவர்கள் மறைக்காத உண்மை. ஆனால் பயன் கலந்ததனாலேயே அன்பு பொய்யாகிவிடுமா? தாய் பிள்ளையை வளர்க்கையில் முதுமைக்கால ஆதரவையும் எண்ணாமல் இல்லை. அதனால் அவள் தாயன்பைக் குறைகூறுவார் எவருமில்லை. பறவைக்கும் வயலுக்கும் ஒரே நீர் என்று கண்டுகொண்டவர்கள், தம் நன்மையைப் பிறிதோர் உயிரின் நன்மையிலிருந்து பிரித்து வைக்க மறுத்தவர்கள். நாம் அஞ்ச வேண்டியது அவர்களது பயன் கருதும் அன்பையன்று; ஒருநாள் ஆர்வத்தில் வந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் நமது தன்னலமற்ற தொண்டையே.

இரு பணிகள், ஒரு கணக்கு

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில், ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டதற்கு இரு காரணங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றைக் குறிக்கும் எபிரேயச் சொற்களில் முதலாவது ‘ஆபாத்’. உழுதல் என்று மட்டுமன்றி ஊழியம் செய்தல் என்றும் அது பொருள்படும். இரண்டாவது ‘ஷாமார்’. காவலாளன் விழித்திருந்து காப்பதைக் குறிப்பது அச்சொல். இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணி நெடுங்காலம் போதித்து வந்தோம். தாங்கல் கரையில்தான் இவை இரண்டென்று உணர்ந்தோம். ஊழியம் கைகளால் நடைபெறுவது. காவல் பெரும்பாலும் கண்களாலும் செவிகளாலும் நடைபெறுவது. காவல் முந்தாமல் ஊழியம் முந்தினால் என்ன நேரும் என்பதை அன்று நீரில் மிதக்கக் கண்டோம்.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக் கூடு எதிர்ப்பட்டால், குஞ்சுகள்மீதோ முட்டைகள்மீதோ அமர்ந்திருக்கும் தாயையும் சேர்த்து எடுத்துவிடலாகாது என்பது அதன் கருத்து. பெரும் சட்டங்களுக்கிடையே இச்சிறு கட்டளை ஏன் என்று மாணவப் பருவத்தில் வியந்ததுண்டு. இன்று அதன் அழகு விளங்குகின்றது. கூட்டை மிதித்துவிடாமல் நடப்பதற்கு, முதலில் கூடு அங்கே இருப்பதைக் காண வேண்டும். அக்கட்டளை கைக்கு இடப்பட்டதற்கு முன்னர் கண்ணுக்கு இடப்பட்டது.

நம் பக்கத்து ஊராகிய உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை அறியாதார் இலர். அவற்றில் ஆண்டு வாரியத்தோடும் தோட்ட வாரியத்தோடும் ஏரி வாரியமும் கூறப்படுகின்றது. ஏரியைக் காக்க அறுவர். அவர்தம் பொறுப்புக் காலம் ஓராண்டு. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்பேற்க முடியாது; அவர்தம் நெருங்கிய உறவினரும் ஏற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்தோர், ஏரியைக் காப்பதை ஆர்வத்துக்கு விடாமல் கணக்குக்கு உட்படுத்தினர். பொறுப்பாளர் உவமையை ஆலயத்தில் வாசிக்கும்போதெல்லாம் அக்கல்வெட்டும் இப்போது நம் நினைவுக்கு வருகின்றது.

நம் கணக்கு இவ்வளவே. மறு ஆண்டு ஆனி மாதத்தில், தாங்கல் வறண்டு வெடித்துக் கிடந்தபோது, அதே இளைஞர்களோடு மீண்டும் சென்றோம். இம்முறை மதகடி முதியவரை முன்னே நடக்கவிட்டோம். எந்த மரத்தை எடுக்கலாம், பழைய கூடுகள் மிகுந்த எந்த மரங்களை இன்னும் சில ஆண்டு விட்டு வைக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வேலிகாத்தானேயாயினும், அதற்கு ஈடான மரம் வளரும் வரை பறவைக்கு அதுவே வீடு என்றார். பாதியை வேரோடு அகற்றினோம், பாதியை விட்டோம். திட்டுகளில் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டோம். அக்கன்றுகளுள் சில ஆடு மேய்ந்து போயின. சில பிழைத்து இடுப்பளவு உயர்ந்திருக்கின்றன. கூடு தாங்கும் வலிமை அவற்றுக்கு இன்னும் வரவில்லை.

கடந்த மார்கழியில் இளைஞர்கள் வந்து, விழாவுக்கு முன் தாங்கலில் என்ன வேலை செய்யலாம் என்று கேட்டனர். கரையோரம் வரை அழைத்துச் சென்று, நீருக்கு அப்பால் விட்டு வைத்த மரங்களைக் காட்டினோம். வக்காக்கள் சுள்ளி சுமந்து போய்வந்து கொண்டிருந்தன. அன்று நம்மிடம் குஞ்சை ஏந்தி வந்த இளைஞனும் அக்கூட்டத்தில் இருந்தான். அவன்தான் முதலில் குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றவர்களையும் அமைதியாயிருக்கச் சைகை செய்தான். சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.